புது பேட் போட்டும் முன் பிரேக் கீச்சிடுகிறது, டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார்கள்

ஆழியாறு_78:

வணக்கம். மூன்று மாதமாக இதோடு மாரடிக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

வண்டி 2016 மாடல், சின்ன பெட்ரோல் கார், 78,000 கிலோமீட்டர். முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம், கையால் இழுக்கிற சாதாரண ஹேண்ட்பிரேக். பிரேக் மிதித்தால் முன்பக்கத்திலிருந்து, இடது சக்கரம் என்றுதான் நினைக்கிறேன், காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சு. சிக்னலில் நின்றால் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்க்கிறார். வேகமாக வந்து அழுத்தி மிதித்தால் சத்தமே இல்லை. இருபதுக்குக் கீழே, லேசாக மிதித்தபடியே உருண்டு வந்து நிற்கும்போதுதான் வருகிறது. காலையில் குறைவு, ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு அதிகம்.

முதலில் வழக்கமாக விடுகிற பட்டறைக்குப் போனேன். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வுகிற பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று புது செட் போட்டார்கள், கூலியோடு 2,400 ரூபாய். இரண்டு வாரம் நிம்மதி, அப்புறம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. திரும்பப் போனால் டிஸ்க் போய்விட்டது, இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், 7,500 ஆகும் என்கிறார்கள். மாற்றினால் சத்தம் நிற்குமா என்று கேட்டதற்கு 'நின்றுடும் சார்' என்றார்கள். பேட் போடும்போதும் இதையேதான் சொன்னார்கள்.

இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. போன வாரம் குடும்பத்தோடு வால்பாறை போய்விட்டு இறங்கும்போது கீழிருந்து ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், ஆழியாறு அணை தெரியுமே அந்த லோம்ஸ் வியூ, அங்கே நிறுத்தினோம். கதவைத் திறந்ததும் கருகின வாடை. நாற்பது வளைவில் முப்பது இறங்கியாயிற்று, மலை இறங்கினால் எல்லா வண்டியும் இப்படித்தான் நாறும் என்று மச்சான் சொன்னான், நானும் விட்டுவிட்டேன்.

டிஸ்க்கை மாற்றிவிடலாமா?

ரேஸ்_ராசா:

இதுக்கெல்லாமா 7,500? என் பைக்கில் இதே சத்தம் வந்தது. செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை டிஸ்க்கில் லேசாக ஒரு தடவை அடித்தேன், கப்சிப். முயற்சி பண்ணிப் பாருங்கள்.

14_நம்பர்_ஸ்பேனர்:

ரேஸ் ராசா தம்பி, கோபித்துக்கொள்ளாதே, ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது செய்துவிடப் போகிறார்கள் என்று பயமாக இருக்கிறது. எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. டிஸ்க்கில் பட்ட எண்ணெயைத் துடைத்துவிடலாம், பேட் உறிஞ்சினதை எடுக்க முடியாது, அந்த பேட் குப்பைக்குத்தான். உன் பைக்கில் பேட்டை முதலில் மாற்று, ஓட்டுவதெல்லாம் பிறகு.

ஆழியாறு சார், நான் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருப்பவன். வண்டியைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. பிரேக் சத்தத்தைப் பொறுத்தவரை, எங்கே வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். பேட்டில் ஒரு சின்ன இரும்புத் தகடு வளைத்து வைத்திருப்பார்கள், லைனிங் (பேட்டில் உரசித் தேய்கிற பகுதி) இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசி ஊளையிடும், மாற்று என்று சொல்வதற்காகவே வைத்தது. அந்தச் சத்தம் பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் வரும், பல வண்டியில் மிதித்தால் நின்றே போகும். உங்களுடையது மிதித்தால்தான் வருகிறது, அதுவும் மெதுவாக உருளும்போது. பேட்டும் புதிது. எனவே அந்தத் தகடு இல்லை. கரகர என்று இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தமாக இருந்தால் வண்டியையே எடுக்காதீர்கள் என்று சொல்லியிருப்பேன், அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது அதிர்வு. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸைக் கரும்பலகைக்குச் செங்குத்தாகப் பிடித்து மெதுவாக இழுத்தால் பல் கூசும்படி கீச்சிடும், அதையே சாய்த்துப் பிடித்து அழுத்தினால் ஒழுங்காக எழுதும். அதேதான் இது. பேட் டிஸ்க்கில் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும், விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. டிஸ்க்கும், பேட்டைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்துகிற காலிபரும் சேர்ந்து அந்த அதிர்வை வாங்கிக் கத்தும். அழுத்தி மிதித்தால் பேட் அசைய இடமில்லை, சத்தம் போய்விடுகிறது. பேட்டை ஆடவிடாமல் வைத்திருக்கத்தான் கிளிப், பின்பக்க ஷிம் தகடு, கிரீஸ் எல்லாம். அதில் எது குறைந்தாலும் கத்தும்.

மச்சான் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மலை இறங்கினால் பிரேக் சூடாகும், உண்மை. ஆனால் வாடை நான்கு சக்கரத்திலும் வந்ததா, ஒரே பக்கமா? அதை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். சூடு ஏற ஏற சத்தம் அதிகம் என்று வேறு சொல்கிறீர்கள். ஒரு பக்கம் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று சந்தேகப்படுகிறேன்.

ஒரு சோதனை. சமதளத்தில் ஒரு பதினைந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பக்கத்தில்தான், டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், தோல் உரிந்து வந்துவிடும். அப்புறம், மாற்றின பழைய பேட் கையில் இருக்கிறதா?

ஆழியாறு_78:

அண்ணா, ரொம்ப நன்றி. பழைய பேட் டிக்கியில்தான் கிடக்கிறது! எந்தப் பட்டறையில் எதை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி வா என்று அப்பா சொல்வார், எதற்கென்றே தெரியாமல் வாங்கி வைத்திருந்தேன்.

நான்கையும் ஸ்கேலால் அளந்தேன். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு லைனிங் மட்டும். இரண்டு பேட் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர், ஒரே மாதிரி. மூன்றாவது 6. நான்காவது 2க்கும் குறைவு, அதிலும் ஒரு ஓரம் இன்னும் மெலிது, ஆப்பு மாதிரி சரிந்து தேய்ந்திருக்கிறது, மேல்பக்கம் கண்ணாடி போலப் பளபளப்பு.

வாடை இடது முன் சக்கரம்தான். மனைவி அந்தப் பக்கம் இறங்கினாள், அவள்தான் முதலில் மூக்கைப் பிடித்தாள்.

நீங்கள் சொன்ன சோதனையும் நேற்று இரவு உடுமலை ரோட்டில் செய்தேன். வலது வெதுவெதுப்பு. இடது பக்கம் கையை வைத்திருக்க முடியவில்லை.

14_நம்பர்_ஸ்பேனர்:

அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு.

உங்கள் வண்டியில் காலிபருக்கு உள்பக்கம் மட்டும்தான் ஒரு பிஸ்டன். மிதிக்கும்போது பிஸ்டன் உள்பக்க பேட்டைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிபர் மொத்தமும் இரண்டு 'பின்' (வழவழப்பான இரும்புக் குச்சி) மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து வெளிப்பக்க பேட்டை இழுத்து அழுத்தும். அந்தப் பின் இறுகிப்போனால் காலிபர் நகராது. உள்பக்க பேட் தனியாக எல்லா வேலையும் செய்யும், காலை எடுத்த பிறகும் விடாமல் உரசிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒன்று 6, ஒன்று 2. இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகினால் காலிபர் கோணிக்கொள்ளும், பேட் ஆப்பு மாதிரி தேயும். அளந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும் வேலை இது. புது பேட்டை மாட்டி அனுப்பிவிட்டார்கள், அதுவும் இரண்டு வாரம் உரசிச் சூடாகி, மேல்பக்கம் வெந்து கண்ணாடியாகி, கத்த ஆரம்பித்துவிட்டது. டிஸ்க் மாற்றினாலும் இதே கதைதான் நடக்கும், இரண்டு வாரத்துக்குப் பதில் நான்கு வாரம் ஆகலாம்.

நீங்களே செய்வதென்றால் சொல்கிறேன், கையில் கொஞ்சம் பழக்கம் இருந்தால் அரை நாள் வேலை. பிரேக் விஷயம் என்பதால், நடுவில் சந்தேகம் வந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

சமதளம், முதல் கியர், ஹேண்ட்பிரேக், பின் சக்கரத்துக்குக் கல். ஜாக்கியில் தூக்கும் முன்பே வீல் நட்டை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கின பிறகு ஸ்டாண்ட் கொடுங்கள், வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். கழற்றின சக்கரத்தையும் பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால் இன்னும் நல்லது. காலிபரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பல வண்டியில் மேல் பின்னை அச்சாக வைத்துத் தூக்கிவிடலாம். முழுதாக எடுத்தால் கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங் சுருளில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஆயில் ஹோஸ் மேல் எடை விழக் கூடாது.

பின் இரண்டையும் உருவுங்கள். நல்ல பின் விரலால் தள்ளினால் உள்ளே போய் வெளியே வரும். இறுகினது திருகித் திருகித்தான் வரும். பிரேக் கிளீனர் போட்டு பழைய கிரீஸ் மொத்தத்தையும் எடுத்து, பின்னையும் அது போகிற துளையையும் துடைத்து, குழி விழுந்த துரு இருந்தால் பின்னையே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் புது கிரீஸ் மெல்லிசாக. பேட் உட்கார்கிற இடத்தில் கிளிப்புக்கு அடியில் துரு ஏறி மேடாகியிருக்கும், அதைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள். பேட் அந்தப் பள்ளத்தில் கையாலேயே நகர வேண்டும், சுத்தியால் தட்டி ஏற்றக் கூடாது. அந்தக் கருப்புத் தூசியை மட்டும் காற்றடித்து ஊதாதீர்கள், மூச்சுக்கு ஆகாது. ஈரத் துணிதான்.

பேட்டின் வெந்த பரப்பை 80 நம்பர் எமரி தாளைத் தரையில் வைத்து, பேட்டை அதன் மேல் எட்டுப் போட்ட மாதிரி தேயுங்கள், பளபளப்பு போனால் போதும். விரிசல் தெரிந்தாலோ இரண்டு பேட்டுக்கும் நடுவே தடிமன் வித்தியாசம் வந்துவிட்டிருந்தாலோ தேய்ப்பதில் பிரயோஜனம் இல்லை, புது செட். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள்.

புது பேட் போடுவதானால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். மேலே பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து வைத்துவிட்டு மெதுவாகத் தள்ளுங்கள், நிறைந்து வழிந்தால் பெயிண்ட்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிஸ்டன் முரண்டு பிடித்தால் அது வேறு வியாதி, அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எல்லாம் மாட்டினதும் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். ரோட்டில் போய் அதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

டொராண்டோ_மழை:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதில் கிரீஸ் பற்றி ஒன்று சேர்க்கிறேன். இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், பின் இறுகுவது என்பது இங்கே ஜலதோஷம் மாதிரி, எல்லா வண்டிக்கும் வரும். குளிர்கால டயரைப் போடும்போதும் கழற்றும்போதும், வருடத்துக்கு இரண்டு தடவை, நான் நான்கு காலிபரையும் திறந்து பின்னைத் துடைத்துவிடுவேன்.

வீல் பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸைப் பின்னில் போடாதீர்கள். அது பெட்ரோலியத்தில் செய்தது. பின்னை மூடியிருக்கிற ரப்பர் பூட் அதைக் குடித்து ஊதிப்போகும், ஊதினால் பின்னைக் கவ்விக்கொள்ளும். அதாவது இளக்கப் போட்ட கிரீஸே இறுக்கிவிடும். பிரேக்குக்கென்றே சிலிகான் கிரீஸ் சின்ன பாக்கெட்டில் விற்கிறார்கள், ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும், சூட்டிலும் உருகி ஓடாது. ஒரு பட்டாணி அளவு போதும். துளையை நிரப்பி வைத்தால் உள்ளே காற்று அடைத்துப் பின் முழுதாக உள்ளே போகாது, நான் முதல் தடவை அப்படித்தான் செய்து ஒரு மணி நேரம் முழித்தேன்.

பேட்டின் பின்பக்க இரும்பிலும், இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கிற காதுகளிலும் ஒரு பூச்சு கிரீஸ் பூசலாம். லைனிங் பக்கமும் டிஸ்க்கும் சுத்தமாக இருக்க வேண்டும், விரல் ரேகை பட்டால்கூடத் துடைத்துவிடுங்கள்.

வளைவு_டிரைவர்:

மேலே சொன்ன, பின் இறுகின கதை எல்லாம் சரி, நான் இருபது வருடமாக வால்பாறை ரோட்டில் டாக்சி ஓட்டுகிறவன், எனக்கு அந்த வாடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆழியாறு சார், எந்த கியரில் இறங்கினீர்கள்? மூன்றாவதில் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறார்கள், அது தற்கொலை. எந்த கியரில் ஏற முடியுமோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. இன்ஜின் இழுத்துப் பிடிக்கும். வளைவுக்கு முன்னால் ஒரு தடவை அழுத்திப் பிடித்து விடுங்கள், தொட்டுக்கொண்டே வராதீர்கள்.

பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்றும் பாருங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஆனால் அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஜாதி. ஈரம் ஏறினால் அந்த அளவு 155க்கு வந்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

லேத்து_தாத்தா:

முப்பது வருடம் கோவையில் லேத் வைத்திருந்தேன், இப்போது பேரன் பார்க்கிறான். டிஸ்க் போய்விட்டது என்று சொன்னார்களே, எதை வைத்துச் சொன்னார்கள்? அளந்தார்களா? கேட்டுப் பாருங்கள் தம்பி.

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவில் தொப்பி மாதிரி இருக்கிற பாகத்திலோ குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும். துரு மூடியிருந்தால் துணியால் தேய்த்துப் பாருங்கள். பேட் படுகிற இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துச் சுற்றி நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். வெர்னியரை வைத்து அளக்காதீர்கள். டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பேட் படாத இடம் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும், வெர்னியரின் தாடை அந்த வரப்பில் உட்கார்ந்துகொண்டு புது டிஸ்க் கணக்கு காட்டும். இந்த ஒரு தப்பை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், பெரிய பட்டறைகளிலும்.

பொறித்த எண்ணுக்கு மேலே இருந்தால், ஆழமான கோடு, விரிசல், நீலம் பாரித்த திட்டு எதுவும் இல்லையென்றால், கீச்சுச் சத்தத்துக்காக டிஸ்க்கை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மிதிக்கும்போது பெடலும் ஸ்டீரிங்கும் நடுங்கினால் லேத்தில் பிடித்துச் சீவலாம், ஆனால் பிடித்த பிறகும் அந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. அதிலும் பாதிப் பேருக்கு டிஸ்க் வளையவே இல்லை, டிஸ்க்குக்கும் அது உட்கார்கிற ஹப்புக்கும் நடுவில் துரு செதில் மாட்டியிருக்கும். சுரண்டிவிட்டு மாட்டினால் நேராக ஓடும். நான் அப்படித் திருப்பி அனுப்பின டிஸ்க்குகளுக்குக் கூலி வாங்கியிருந்தால் இன்னொரு லேத் போட்டிருப்பேன்.

ஆழியாறு_78:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன், அரை நாள் என்றீர்கள், எனக்கு மாலை நாலு ஆயிற்று. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இனி வருகிறவர்களுக்கு உதவும்.

இடது பக்கம் திறந்தேன். மேல் பின் வெண்ணெய் மாதிரி வந்தது. கீழ் பின் அசையவே இல்லை. ஸ்பேனர் போட்டுத் திருகித் திருகி, இடைவெளியில் கிளீனர் அடித்து, நாற்பது நிமிடம். வெளியே வந்தபோது அதன் மேல் மஞ்சள் கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. டொராண்டோ நண்பர் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது: பூட் ஊதி, கையில் எடுத்தால் வழவழ என்று, திரும்ப உட்காரவே இல்லை. எப்போது யார் போட்ட கிரீஸ் என்று தெரியவில்லை. பூட்டும் பின்னும் சேர்ந்த கிட் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 380 ரூபாய். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும், அதுவரை மூன்று காலில் நிற்கிற வண்டிக்குக் காவல்.

புது பேட்டில் பின்பக்கம் வெறும் இரும்பு, ஷிம் தகடே இல்லை. பழைய பேட்டில் நான்கிலும் இருக்கிறது! மாற்றும்போது பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டியதைச் செய்யவில்லை போல. பழையதிலிருந்து உருவி, வளையாமல் இருந்ததால் துடைத்து இதில் மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. பேட் தடிமன் உள்பக்கம் 8, வெளிப்பக்கம் 9, புதிதில் பத்து இருந்திருக்கும். பெரிய வித்தியாசம் இல்லை என்று எமரி போட்டுத் தேய்த்தேன். உள்பக்கத்தது நன்றாகவே வெந்திருந்தது.

டிஸ்க்கில் 18 என்று பொறித்திருக்கிறது. பாலிடெக்னிக்கில் வேலை செய்கிற தோழனிடம் மைக்ரோமீட்டர் வாங்கி அளந்தேன், ஐந்து இடத்தில் 19.2லிருந்து 19.3. தாத்தா, உங்களுக்காகவே வெர்னியரையும் வைத்துப் பார்த்தேன், அது 20 காட்டியது.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். இரண்டு பின்னும் ஒரே மாதிரி என்று நினைத்து இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். தெருமுனைவரை போனால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு தட்டல். திரும்பக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் உறை, இன்னொன்றில் இல்லை. வலது பக்கத்தைத் திறந்து எது மேலே எது கீழே என்று பார்த்து மாட்டினேன்.

பெடலை மிதித்துப் பார்க்க மறக்கவில்லை. நிஜமாகவே முதல் மிதி தரைவரை போயிற்று, வயிற்றைக் கலக்கிவிட்டது.

இப்போது சத்தம் இருக்கிறது, ஆனால் கீச்சு இல்லை, லேசாக 'ஷ்ஷ்' என்று உரசுகிற மாதிரி. இது என்ன?

14_நம்பர்_ஸ்பேனர்:

பின் இடம் மாறுவது எங்கள் பையன்களே செய்கிற தப்பு, வெட்கப்பட வேண்டாம். சில வண்டியில் ரப்பர் பின் மேலே, சிலதில் கீழே, கழற்றும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி.

அந்த 'ஷ்ஷ்' எமரி போட்ட பரப்பு இன்னும் டிஸ்க்கோடு பழகாததால். ஆள் இல்லாத ரோட்டில் விடியற்காலையில் போய், அறுபது வேகத்திலிருந்து பத்துவரை நிதானமாக அழுத்திக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள், சக்கரமும் பூட்டக் கூடாது. மறுபடி அறுபது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நிமிடம் சும்மா ஓட்டுங்கள். இப்படி எட்டுப் பத்துத் தடவை. முடிந்ததும் சூட்டோடு பிரேக்கை மிதித்தபடி நிற்கக் கூடாது, பேட் அந்த ஒரே இடத்தில் ஒட்டிப் பதிந்துவிடும். பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

கடலூர்_மல்லி:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் காரில் காலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம், மழைக்காலத்தில் கண்டிப்பாக. இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்தால் போய்விடுகிறது, பிறகு நாள் முழுக்க இல்லை. நானும் பின்னைக் கழற்ற வேண்டுமா? அப்புறம் என் அண்ணன் வண்டியில் பிரேக் மிதிக்காமலே சரசர என்று தகரம் உரசுகிற சத்தம், நேற்றிலிருந்து.

14_நம்பர்_ஸ்பேனர்:

உங்களுடையதை விட்டுவிடுங்கள் அம்மா. டிஸ்க் வார்ப்பிரும்பு, ராத்திரி ஈரத்தில் மேலே மெல்லிசாகத் துரு பூக்கும், முதல் இரண்டு பிரேக்கில் பேட்டே அதைத் துடைத்துவிடும். வாட்டர் வாஷ் போய் வந்தாலும் அதே சத்தம் வரும். பின்னால் ட்ரம் இருந்தால் ட்ரம்முக்குள் உரசுகிற ஷூவின் தூசியும் ஈரமும் சேர்ந்து இப்படிச் சத்தம் போடும். நாள் முழுக்க வர ஆரம்பித்தால் ட்ரம்மைத் திறந்து தூசி எடுத்து, ஷூ வந்து உரசுகிற மேடுகளில் துளி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். மழையில் வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் போட்டுக் கல் வைத்துவிட்டுப் போங்கள், ஷூ ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

அண்ணனுடையது பத்தில் ஒன்பது தடவை டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கிற மெல்லிய தகரத்துக்கும் நடுவில் கல் மாட்டினது. மெதுவாக முன்னும் பின்னும் நாலு தடவை நகர்த்தினால் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரால் தகரத்தைக் கொஞ்சம் நெம்பினால் போதும். சரசர இல்லாமல் விமானம் மாதிரி 'ம்ம்ம்' என்று வேகத்தோடு ஏறினால், ஸ்டீரிங் திருப்பும்போது மாறினால், அது பிரேக் இல்லை, வீல் பேரிங்.

ரேஸ்_ராசா:

ஸ்பேனர் அண்ணா, பேட் மாற்றிவிட்டேன். 450 ரூபாய் தண்டம். மாற்றின பிறகுதான் தெரிகிறது, முன் பிரேக் இவ்வளவு நாள் பாதிதான் பிடித்திருக்கிறது.

ஆழியாறு_78:

நீங்கள் சொன்ன மாதிரி அறுபது-பத்து கணக்கு செய்து 500 கிலோமீட்டர் ஆயிற்று. சத்தம் சுத்தமாக இல்லை. நேற்று நிறுத்திக் கையை வைத்துப் பார்த்தேன், இரண்டு சக்கரமும் ஒரே வெதுவெதுப்பு. பிரேக் ஆயிலை மெக்கானிக்கை வரவழைத்து மாற்றிவிட்டேன், பழையது காபி நிறத்தில் இருந்தது. வளைவு டிரைவர் அண்ணா கேட்ட கேள்விக்குப் பதில், ஆமாம், மூன்றாவது கியர்தான். மச்சானிடமும் சொல்லிவிட்டேன்.

வலது பக்கப் பின்களையும் நேற்று உருவிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அங்கேயும் அதே மஞ்சள் கிரீஸ், பூட் லேசாக ஊத ஆரம்பித்திருக்கிறது. துடைத்து, கிட் மாற்றி, சிலிகான் போட்டுவிட்டேன். 380 ரூபாய் கணக்கில் இரண்டு கிட், கிரீஸ், கிளீனர், எமரி தாள் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறுக்குள் முடிந்தது.

கிரீஸ் பாக்கெட்டில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் யாருக்காவது பின் இறுகியிருந்தால் சொல்லுங்கள், பேருந்து நிலையம் பக்கம் வந்தால் கொடுக்கிறேன். மைக்ரோமீட்டர் மட்டும் கேட்காதீர்கள், தோழன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.